வேலை நம்முடையது, கையெழுத்து யாருடையது?

கடந்த மாதம் ஒரு மாலை, நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலைக்கு ஒரு தம்பி வந்தார். செங்கம் சாலைப் பக்கத்துக் காலனிக்காரர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவர். பதினோரு ஆண்டுகளாகத் திருவண்ணாமலை நகரில் வயரிங் வேலை செய்கிறார். கிரிவலப் பாதையை ஒட்டி எழுந்திருக்கும் புதிய விடுதிகளில் பத்துப் பன்னிரண்டில் அவர் இழுத்த கம்பியில்தான் விளக்கு எரிகிறது. கனடாவில் எலக்ட்ரீஷியனுக்கு ஆள் தேவை, மாகாண அரசே கூப்பிட்டுக் குடியமர்த்துகிறது என்று ஓர் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். முன்பணமும் கேட்டிருக்கிறார். "கட்டலாமாண்ணா?" என்று கேட்கத்தான் தம்பி வந்திருந்தார்.

கையிலிருந்த பிளாஸ்டிக் கவரை வாங்கிப் பார்த்தோம். ஐ.டி.ஐ. சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட், ரேஷன் அட்டை நகல். அவ்வளவுதான். பதினோரு ஆண்டு உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. காண்ட்ராக்டரிடம் அனுபவக் கடிதம் கேட்டீர்களா என்றோம். "கேட்டேண்ணா. 'உனக்கெல்லாம் எதுக்குடா லெட்டரு, நாளைக்கு நேரத்தோட வா'ன்னுட்டாரு" என்றார்.

அந்த ஒரு வரிப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

கூப்பிடுவது ஒருவர், உரிமம் தருவது வேறொருவர்

கனடாவில் மாகாண நியமனத் திட்டம் என்று ஒன்று உண்டு. எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு மாகாணமும் பார்த்து, தகுதியானவரை நிரந்தரமாக வசிக்கப் பரிந்துரைக்கும். ஆஸ்திரேலியாவில் இதுபோல 491 என்ற விசா 2019 நவம்பரில் வந்தது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே வாழச் சம்மதிப்பவருக்கு ஐந்தாண்டு அனுமதி கிடைக்கும். மூன்றாண்டுக்குப் பிறகு, நிபந்தனைகள் நிறைவேறினால், நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுமே உண்மையான திட்டங்கள்தான். ஏஜென்ட் சொல்வது முழுப் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விடும் பாதிதான் ஆபத்து.

மாகாணம் பரிந்துரைத்துவிட்டாலே அங்கே போய் உங்கள் தொழிலைச் செய்துவிட முடியாது. குடியேற்ற அனுமதி வேறு, தொழில் உரிமம் வேறு. கனடாவில் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாகாணங்களிடம் இருக்கிறது. பொறியாளர்களுக்கு மட்டும் நாடு முழுவதும் 12 ஒழுங்குமுறை அமைப்புகள். ஒன்டாரியோ மாகாணத்தில் எலக்ட்ரீஷியன் கட்டாய உரிமத் தொழில். தகுதிச் சான்று இல்லாதவர் அங்கே ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறப்பதே சட்ட மீறல். வெளிநாட்டிலிருந்து போகிறவர் முதலில் தம் அனுபவம் அங்குள்ள பயிற்சிக்கு இணையானது என்று காட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு அந்தப் பயிற்சி சுமார் 9,000 மணி நேரம். அதை நிறுவிய பிறகுதான் தேர்வு எழுதவே அனுமதி. ஆஸ்திரேலியாவிலும் எலக்ட்ரீஷியனுக்குத் திறன் மதிப்பீடு ஒரு படி, மாநில உரிமம் இன்னொரு படி.

நம் தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்று குறைத்து வைத்தாலும் பதினோரு ஆண்டில் 22,000 மணி நேரம். கேட்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காகிதத்திலோ ஒரு மணி நேரம்கூட இல்லை.

கணினித் துறையிலும் இதே கதை

இது வயரிங் வேலைக்காரருக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைக்க வேண்டாம். போளூர்ப் பக்கத்துத் தங்கை ஒருவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் படித்துவிட்டுச் சென்னையில் ஆறு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்க ஆசை.

மென்பொருள் வேலைக்கு அங்கே உரிமம் தேவையில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்தின் திறன் மதிப்பீட்டைத் தாண்டியாக வேண்டும். நிறுவனத்தின் கடிதத்தாளில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா, என்னென்ன பணிகள் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். சம்பளம் வாங்கியதற்கான ஆதாரம் வேண்டும். தங்கை முதல் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்தது ஒரு பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில். சம்பளம் போட்டதோ ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனம். அந்தச் சிறு நிறுவனம் இப்போது இல்லை. பெரிய நிறுவனம் "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லை" என்கிறது. பட்டச் சான்றிதழோ, கட்டணப் பாக்கி என்ற பெயரில் இன்னும் கல்லூரி பீரோவில் கிடக்கிறது.

கனடாவில் மென்பொருள்காரர்களுக்குப் பட்டப்பெயரே ஒரு வழக்காகியிருக்கிறது. உரிமம் இல்லாதவர் தம்மை 'இன்ஜினியர்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அங்குள்ள மாகாணச் சட்டங்களின் நிலை. ஆல்பர்ட்டாவில் பொறியாளர் ஒழுங்குமுறை அமைப்பு, மென்பொருள் பொறியாளர் என்ற பெயரைப் பயன்படுத்திய ஒரு நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மாகாண அரசும் சட்டத்தைத் திருத்திவிட்டது. பெரிய நிறுவனங்கள் குரல் கொடுத்தால் உரிம விதி ஓராண்டில் மாறும் என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும். நம் தம்பிக்காகவும் தங்கைக்காகவும் குரல் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

உரிமம் சாதி கேட்பதில்லை

உரிமமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் சாதி பார்த்து அடிப்பதில்லை. பயிற்சி இல்லாத கையால் ஒரு வீடு எரியலாம், ஓர் உயிர் போகலாம். தேர்வு வைக்கட்டும், செய்முறையும் வைக்கட்டும். நம் பிள்ளைகள் கம்பியைக் கையில் கொடுத்தால் செய்து காட்டுவார்கள்.

ஆனால் அந்தத் தேர்வு அறையின் வாசல் வரை போவதற்கே காகிதம் வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. ஒன்டாரியோ அதிகாரி நம் தம்பியின் சாதியைக் கேட்கப் போவதில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் கேட்பது கடிதம். அந்தக் கடிதத்தை எழுத வேண்டிய பேனா யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கேதான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊரில் மின் ஒப்பந்த வேலை எப்படி நடக்கிறது? மின் ஒப்பந்ததாரர் உரிமத்தை மாநில மின் உரிம வாரியம் தருகிறது. தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் கம்பியாளரும் அவரிடம் வேலையில் இருக்க வேண்டும் என்பது விதி. உரிமத்துக்குக் கருவியும் முதலீடும் வேண்டும், முகவரியும் கடையும் வேண்டும். கடைவீதியில் கடை போட நமக்கு எத்தனை தலைமுறையாக வாய்ப்பு இருந்தது? ஆகவே உரிமம் ஒருவர் பெயரில் இருக்கிறது. ஏணியில் ஏறுகிறவர் வேறொருவர். வேலை முடிந்ததும் சான்றளிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஏணியின் கீழே நிற்கிறார். சனிக்கிழமை மாலை கூலி ரொக்கமாக வருகிறது. வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அந்த நிதிச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது என்பதால் கேட்கவும் வழியில்லை.

கடிதம் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். குறையும். இவன் என்னிடம் இத்தனை ஆண்டு வேலை செய்தான் என்று எழுதினால் இத்தனை ஆண்டு நிதி கட்டவில்லை என்பதும் அதில் எழுதியதாகிவிடும். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. காலனிப் பையன் 'தொழிலாளி' என்ற நிலையிலிருந்து 'தொழில் தெரிந்தவர்' என்ற நிலைக்கு ஏறிவிடுவார். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் காலடி வைப்பதற்கு 2023 ஜனவரி 30ஆம் தேதி மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் கூடவே வரவேண்டியிருந்தது. அது அரசின் அறநிலையத் துறைக் கோயில். பொதுக் கோயில் வாசலுக்கே அத்தனை பாதுகாப்பு தேவைப்பட்ட மாவட்டத்தில், தனியார் கடிதத்தாள் மட்டும் தானாக நம் கைக்கு வந்துவிடுமா?

மற்ற சாதி ஏழைகளுக்கும் இதே நிலைதானே என்று கேட்பார்கள். ஆம், அவர்களில் பலருக்கும் கடிதம் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒப்பந்ததாரர் மாமன் மச்சானாக இருந்தால் கல்யாண வீட்டில் கேட்டு வாங்கிவிடலாம். வேலை செய்யாதவருக்குக்கூட வேலை செய்ததாகக் கடிதம் கிடைத்த கதைகள் நம் ஊரில் உண்டு. நமக்கு ஒப்பந்ததாரர் வீட்டுக் கல்யாணத்தில் அழைப்பு இல்லை, பந்தலுக்கு சீரியல் விளக்குப் போடும் வேலை மட்டும் உண்டு.

பூட்டிய பீரோ

கல்லூரி பீரோவுக்கு வருவோம். தனியார் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் அரசாணை 92 வந்தது 2012இல். அந்த ஆணையால் படித்து வந்தவர்கள் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். 2021-22 முதல் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பணம் தாமதமானாலும் சரி, வந்த பணம் வீட்டுக் கடனுக்குப் போய்விட்டாலும் சரி, கல்லூரி முதலில் கை வைப்பது சான்றிதழில்தான்.

மூலச் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. அறிவிப்பு சுவரில் இருக்கிறது, சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. உள்ளூரில் வேலை தேடுகிறவர் நகலை வைத்துச் சமாளித்துவிடுவார். கனடாவுக்கான கல்வி மதிப்பீட்டு நிறுவனங்கள் பலவும் மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும் என்கின்றன. அதற்கு விண்ணப்பிக்கக் கையில் பட்டம் வேண்டும். ஓராண்டு தாமதமானால் மாகாணத்தின் பட்டியலே மாறிவிடுகிறது. கனடா 2024இல் மாகாண நியமனத்துக்கு வைத்த இலக்கு 1,10,000 பேர். 2025க்கு அதை 55,000 ஆக்கியது. கதவு பாதி சாத்தப்பட்ட ஆண்டில் நம் தங்கை கல்லூரி அலுவலகத்தின் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அன்று கைநாட்டு போதும்

நம் மக்கள் கடல் தாண்டியது புதிதல்ல. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் போனது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம் பழைய வட ஆற்காட்டு மக்கள் பெருந்தொகையினர். அவர்களில் சேரி மக்களும் கணிசம். அன்று யாரும் அனுபவச் சான்று கேட்கவில்லை. கை காய்த்திருக்கிறதா, உடம்பு தாங்குமா என்று பார்த்தார்கள், கைநாட்டு வாங்கினார்கள், ஏற்றிவிட்டார்கள். கரும்புக் காட்டுக்குக் கூலி தேவைப்பட்டபோது நமக்குக் கதவு அகலத் திறந்தது. இன்று தொழில் தெரிந்தவராகப் போக நினைக்கும்போது காகிதம் குறுக்கே நிற்கிறது.

இப்போதும்கூடப் பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு விழுகிறது. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்கான ஏற்பாடுதான். ஆனாலும் யாருடைய பாஸ்போர்ட்டுகளில் அந்தக் குறிப்பு அதிகம் விழுகிறது என்பதை நம் காலனிகளில் விசாரித்தால் தெரியும்.

உரிமத்தின் விலை அண்ணல் அம்பேத்கருக்குத் தெரியும். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டங்கள் பெற்று, பாரிஸ்டராகவும் தகுதி பெற்று, 1923இல் அவர் பம்பாய் திரும்பினார். வழக்கறிஞர் தொழில் செய்ய உயர் நீதிமன்றத்தின் சன்னது வேண்டும். அதற்குக் கட்ட அவரிடம் பணமில்லை. நண்பர் நவல் பாதேனா கடன் கொடுத்தார். உலகத்தின் பெரிய பட்டங்களைக் கையில் வைத்திருந்தவருக்கே கடைசிப் படியான உரிமக் கட்டணத்துக்கு ஒரு நண்பர் தேவைப்பட்டார். நம் பிள்ளைகளுக்கு அந்த நண்பராக அரசு இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

அங்கே மாறுகிறது, இங்கே?

வெளியே சில கதவுகள் திறந்திருக்கின்றன. கனடாவில் வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் உரிமம் என்ற விதி பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இல் சொன்னது. அந்த மாகாணப் பொறியாளர் அமைப்பு 2023 மே மாதம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. இனி இந்தியாவில் பெற்ற அனுபவமும் அங்கே கணக்கில் வரும். அதே ஆணையம் 2023 அக்டோபரில், சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கடல் தாண்டினாலும் சாதி கூடவே வருகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இந்தியாவில் பெற்ற அனுபவத்தை அவர்கள் ஏற்கத் தயார். அந்த அனுபவத்தைச் சான்றாக்கித் தர இந்தியா தயாரா? பழைய நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதியில் வேலையை விட்டு நீங்கும் தொழிலாளிக்குப் பணிச் சான்று பெறும் உரிமை உண்டு. அதிலும் 'நிரந்தரத் தொழிலாளி' என்று ஒரு சொல் இருந்தது. நாம்தான் நிரந்தரமாகத் தற்காலிகத் தொழிலாளிகள் ஆயிற்றே.

செய்யக்கூடியவை

செய்ய முடியாததை நாம் கேட்கவில்லை. முதலாவது, தாட்கோ இப்போது வெளிநாட்டு மொழித் தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறது. நல்ல முயற்சி. அதோடு திறன் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் உரிமத் தேர்வுக் கட்டணத்தையும் மானியமாகத் தர வேண்டும். மொழித் தேர்வில் தேறிய பிள்ளை மதிப்பீட்டுக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கும் நிலை கூடாது.

இரண்டாவது, அரசு ஒப்பந்தப் பணிகளில் வேலை செய்யும் ஒவ்வொரு தொழில்நுட்பத் தொழிலாளிக்கும் நாள், இடம், பணி, மணி நேரம் குறித்த சான்று தர வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும். சான்று தந்தால்தான் பட்டியல் தொகை என்றால் மறுநாளே கடிதம் வரும்.

மூன்றாவது, பட்டியலின மாணவர்களின் மூலச் சான்றிதழை வைத்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலை ஆட்சியர் கேட்டு வாங்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஒவ்வொருவராக மனு கொடுத்து நிற்பதற்கு இது தனிப்பட்டவரின் குறை அல்ல.

நான்காவது, மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. எந்த நாட்டில் எந்தத் தொழிலுக்கு எந்த உரிமம், என்ன காகிதம் என்பதைத் தமிழில் எழுதி ஐ.டி.ஐ. தோறும் ஒட்ட வேண்டும். ஏஜென்ட் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை மாற வேண்டும்.

நம் பிள்ளைகளும் சிலவற்றைச் செய்யலாம். ஐ.டி.ஐ. படிக்காமல் வேலையில் கற்றவர்கள் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கான அறிவிப்பு நாளிதழில் வரும்போது தவறவிட வேண்டாம். ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கென்றே உள்ள தேர்வு அது. கூலியை முடிந்தவரை வங்கி வழியாகக் கேளுங்கள். கணினி வேலையில் இருப்பவர்கள் வேலையை விட்ட பிறகு கடிதத்துக்கு அலையாமல், விடும் நாளிலேயே கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கனடா ஏஜென்ட் பணம் கேட்டால் முதலில் அவருடைய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடியேற்ற விண்ணப்பத்தைக் கையாள அந்நாட்டின் அங்கீகாரம் வேண்டும். உங்களிடம் உரிமம் கேட்கும் ஊருக்கு அனுப்புகிறவரிடம் நீங்களும் உரிமம் கேளுங்கள்.

தம்பியிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். போன வாரம் மறுபடியும் வந்தார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் தேதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதிவருகிறார். 'வேங்கிக்கால், மூன்று மாடி விடுதி, பேனல் போர்டு, 9 மணி நேரம்' என்று அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். எதற்குத் தம்பி என்று கேட்டோம்.

"கான்ட்ராக்டர் கையெழுத்துக்குண்ணா" என்றார்.